ஒழுகும் வேனும் ஆறாம் பாரமும்

பி.ஏ.வில் தோற்றதையும், தோற்ற கையோடு வேலை தேடி அலைந்ததையும் சென்ற வாரம் எழுதியிருந்தேன். கோபாலபுரத்து வாசகர் ஒருவர், "வேலையே கிடைக்காத உமக்கு வேன் மட்டும் எப்படிக் கிடைத்தது?" என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. என்னை யாருக்கும் பிடிக்கவில்லை. அந்த வேனையும் யாருக்கும் பிடிக்கவில்லை. இரண்டு பேரும் சேர்ந்துவிட்டோம்.

யுத்தம் முடிந்த புதிது. ஒரு மார்கழிக் காலை. சாந்தோமில் கன்னியாஸ்திரீகள் நடத்தும் ஒரு பெண்கள் பள்ளிக்கூடம். பெயர் வேண்டாம், இன்றும் அந்தப் பக்கம் போனால் எனக்குச் சட்டைப் பொத்தானைச் சரிபார்க்கத் தோன்றும். வாசலில் பெரிய போர்ட்டிகோ. சிவப்புச் சிமெண்டுத் தரையை ஆயா ஒருத்தி தினமும் தேய்த்துத் தேய்த்து முகம் பார்க்கும்படி வைத்திருப்பாள். கடல் காற்று உப்பாக வந்து உதட்டில் ஒட்டும்.

பெண்களை இறக்கிவிட்டு நான் ஸ்டீயரிங்கில் சாய்ந்திருந்தேன். தலைமை ஆசிரியை மதர், வெள்ளை அங்கியும் ஜெபமாலையுமாகப் படியிறங்கி வந்தார். கடைசிப் படியிலிருந்து தரையில் கால் வைத்தார். வைத்த கால் அவரை விட்டுவிட்டு முன்னால் போயிற்று.

மதர் விழவில்லை. வேனின் கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். கைப்பிடி கையோடு வந்துவிட்டது. அதைப் பிடித்தபடியே எப்படியோ நிமிர்ந்து நின்று, கீழே பார்த்தார். சிவப்புத் தரையில் தோசைக்கல் அளவுக்குக் கறுப்பாக ஒரு வட்டம். என் எஞ்சினிலிருந்து ஒழுகிய எண்ணெய்.

கோபம் வந்தால் மதர் குரலை உயர்த்த மாட்டார். தமிழை விட்டு இங்கிலீஷுக்குப் போய்விடுவார். அன்று ஒரு தமிழ் வார்த்தைகூட வரவில்லை. கைப்பிடியை என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனார். பக்கத்தில் நின்ற பிலோமினா டீச்சர்தான் எனக்குச் சாரம் சொன்னார்: கிறிஸ்துமஸ் லீவு முடிந்து பள்ளி திறக்கும் நாளில் இந்தத் தரையில் ஒரு சொட்டு விழுந்தாலும் வேறு வண்டி பார்த்துக்கொள்வார்கள்.

"எனக்கு இங்கிலீஷ் தெரியும் டீச்சர்" என்றேன்.

"தெரியும். பி.ஏ. வரைக்கும் போனீங்கன்னு சொன்னாங்க. இருந்தாலும் நிச்சயம் பண்ணிக்கலாமேன்னுதான்."

அத்திம்பேரின் நிபந்தனை

பிலோமினா டீச்சரைச் சொல்லிவிடுகிறேன். சாந்தோமிலேயே பிறந்து வளர்ந்தவர். அவர் குடும்பத்துக்கும் அங்குள்ள மாதா கோயில் மணிக்கும் ஒரே வயது என்பார்கள். பள்ளியில் விஞ்ஞானம் கற்பித்தார். வேனில் பெண்களுக்குக் காவலாக முன் சீட்டில், எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வருவார். பெண்களைவிட என்னைத்தான் அதிகம் காவல் காத்தார் என்பது என் அபிப்பிராயம்.

வேன் எனக்கும் என் அத்திம்பேருக்கும் பொது. அத்திம்பேர் என்றால் என் அக்காவின் புருஷர். மயிலாப்பூரில் கோயில் குளத்துக்கு மேற்கே வீடு. ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. சாது. கோபமே வராது, ஆனால் ஒன்றைத் தீர்மானித்துவிட்டால் குளத்துப் படிக்கட்டு மாதிரி, அசைக்க முடியாது.

அவருடைய ஒரே பெண், என் மருமாள் ஜானகி, அப்போது ஆறாம் பாரம், அதாவது எஸ்.எஸ்.எல்.சி. வகுப்பு. வயதுக்கு வந்த பெண் தெருவில் நடந்தோ டிராமில் இடிபட்டோ பள்ளிக்குப் போகக் கூடாது என்பது அத்திம்பேரின் கட்சி. நாலாம் பாரத்தோடு நிறுத்திவிடத்தான் இருந்தார். நான் வேன் வாங்கலாம் என்று யோசனை சொன்னபோது அவர் கூட்டுச் சேர்ந்ததே அதற்காகத்தான். சொந்த வண்டி, ஜன்னலுக்குத் திரை, ஓட்டுவது தாய்மாமன். அப்படியானால் போகட்டும் என்றார்.

வேன் நின்றால் படிப்பும் நிற்கும். கும்பகோணத்திலிருந்து ஒரு ஜாதகம் வந்து அலமாரியில் உட்கார்ந்திருந்தது. பங்குனியில் பரீட்சை. ஜானகி பரீட்சை எழுதுவாளா, மணையில் உட்காருவாளா என்பது என் எஞ்சினின் எண்ணெய் எங்கே தங்குகிறது என்பதைப் பொறுத்து இருந்தது. இதை எந்த ஜோசியரும் கண்டுபிடித்திருக்க மாட்டார்.

வேனின் பூர்வாசிரமம்

எங்களிடம் வருமுன் அது பல பிறவி எடுத்த வண்டி. முதலில் ஒரு ரொட்டிக் கடைக்காரரிடம் இருந்தது. மழை நாளில் கதவை மூடினால் பழைய ரொட்டி வாசனை மெல்ல எழும்பும். பசியோடு வரும் பெண்கள் பெருமூச்சு விடுவார்கள். யுத்தத்தில் அதன் முதுகில் கரி அடுப்பைக் கட்டிக் கரிப்புகையில் ஓட்டினார்களாம். அப்போதெல்லாம் ஓட்டுகிறவன் காலையில் விசிறியோடு வண்டிக்குப் பின்னால் நின்று, அடை வார்க்கிறவன் மாதிரி அடுப்பு மூட்ட வேண்டும். நல்ல வேளை, நான் வருமுன் அடுப்பைக் கழற்றிவிட்டார்கள். எனக்குக் காப்பி அடுப்பே பற்றாது.

இரண்டு பக்கமும் பெஞ்சு போட்டு, அக்காவின் பழைய சுங்குடிப் புடவையைக் கிழித்துத் திரை தைத்தோம். மயிலாப்பூரில் ஆரம்பித்து, தியாகராய நகர் சுற்றி, அடையாறு போய், அங்கிருந்து கடலோரமாகச் சாந்தோம்.

எண்ணெய் ஒழுக ஆரம்பித்தது ஐப்பசி வாக்கில். முதலில் ஒரு பொட்டு. பிறகு வட்டம். நான் எந்தெந்தத் தெருவுக்குப் போனேன், எங்கே அதிக நேரம் நின்றேன் என்று யாரும் விசாரிக்கத் தேவையில்லாமல் போயிற்று. ரோட்டிலேயே எழுதியிருக்கும். உஸ்மான் ரோடு ஓட்டலில் நான் டிபன் சாப்பிட்ட விஷயம் அக்காவுக்குத் தெரிந்தது அப்படித்தான்.

மார்கழி வந்ததும் நிலைமை மோசமாயிற்று. மாம்பலத்தில் விடியற்காலையில் எழுந்து புள்ளி வைத்துப் போட்ட கோலத்தின் நடுவே என் வண்டி தன் பங்குக்கு ஒரு கறுப்புப் புள்ளி வைத்தது. அந்த வீட்டு மாமி சண்டை போடவில்லை. மறுநாள் முதல், நான் நிற்கும் இடத்தில் ஒரு பழைய அடுக்குப் பாத்திரத்தை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். சேர்ந்த எண்ணெயை வாசல் கேட்டின் கீலுக்குப் போட்டாளாம். அந்தக் கேட் மட்டும் சத்தமே இல்லாமல் திறக்கும்.

ஏகாம்பரத்தின் வைத்தியம்

மீர்சாப்பேட்டையில் ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில் ஏகாம்பரத்தின் பட்டறை. கெட்டிக்காரன்தான், அவன் கெட்டிக்காரத்தனத்தின்மேல் எனக்கிருந்ததைவிட அவனுக்கு நம்பிக்கை அதிகம். வண்டியை அடியில் புகுந்து பார்த்தான். கால் மட்டும் வெளியே தெரிந்தது. காலே தீர்ப்புச் சொல்லிற்று.

"பேக்கிங் பூட்ச்சி சாமி."

எஞ்சினின் அடியில் எண்ணெய் தேங்கும் தட்டுக்கும் எஞ்சினுக்கும் நடுவே தக்கையில் ஒரு பட்டை இருக்கும்; அதுதான் பேக்கிங். அதை மாற்றினான். நான்கு நாள் ஒழுகவில்லை என்று சொல்ல ஆசை. மறுநாளே ஒழுகிற்று. பக்கத்து மூடியின் பேக்கிங்கை மாற்றினான். அங்கே நின்று வேறு இடத்தில் வந்தது. முன்னால் அடைத்தால் பின்னால், பின்னால் அடைத்தால் பக்கத்தில்.

கடைசியில் அவனுக்கே ரோஷம் வந்துவிட்டது. எஞ்சினையே கீழே இறக்கிப் பிரித்துப் பார்த்துவிடலாம், தை பிறந்துதான் வண்டி ரோட்டுக்கு வரும் என்றான். அதற்குள் பள்ளி திறந்து, மதர் வேறு வண்டி பார்த்து, கும்பகோணத்துக்காரர்கள் ரயிலேறியே விடுவார்கள்.

வீட்டில் அத்திம்பேர் தம் வழியில் போராடிக்கொண்டிருந்தார். சரஸ்வதி பூஜையன்று வண்டிக்குப் பூஜை போட்டபோது, எஞ்சினுக்கும் பொட்டு வைக்க வேண்டும் என்று பானெட்டைத் திறக்கச் சொன்னார். எண்ணெய் ஊற்றுகிற குழாயின் தலையில் கவிழ்த்த கிண்ணம்போல ஒரு மூடி. அந்த எஞ்சினில் நெற்றி மாதிரி இருந்த இடம் அது ஒன்றுதான். சந்தனமும் குங்குமமும் அதற்குத்தான் ஆயிற்று.

எண்ணெய் ஒழுக ஆரம்பித்ததும் திருஷ்டி என்றார். வெள்ளிக்கிழமைதோறும் ஸ்நானம் செய்துவிட்டு வந்து, தாமே அரைத்த சந்தனத்தை அந்த மூடிக்கு விளிம்பு வரை சாற்றுவார். ஒழுகல் அதிகமாக அதிகமாகச் சந்தனமும் அதிகமாயிற்று. நான் தினமும் காலையில் எண்ணெய் ஊற்ற மூடியைக் கழற்றும்போது, காப்பு கலையாமல் இரண்டு விரலால் பக்தியோடு எடுத்து, பக்தியோடு வைப்பேன். உடைந்தால் அத்திம்பேர் மனசு கஷ்டப்படும்.

டஸ்டரைத் தட்டிய பெண்கள்

எங்கே ஒழுகுகிறது என்றே தெரியாமல் எதை அடைக்கிறீர்கள் என்று கேட்டவர் பிலோமினா டீச்சர். எஞ்சின் முழுக்கக் கறுப்பு, எண்ணெயும் கறுப்பு. கறுப்பில் கறுப்பு எப்படித் தெரியும்? கழுவித் துடைத்து, மேலே வெள்ளையாகத் தூள் தூவி, ஓடவிட்டுப் பாருங்கள் என்றார்.

அரிசிக்கே ரேஷன் இருந்த அந்தக் காலத்தில் அரிசி மாவு எஞ்சினுக்குத் தூவுகிற பொருளா? முகத்துப் பவுடரை அக்கா தொடவிடவில்லை. டீச்சர், லீவு விடுமுன் கடைசி வாரம் பெண்களைக் கரும்பலகை டஸ்டர்களைத் தட்டச் சொல்லி, ஒரு பிஸ்கட் டப்பா நிறைய சாக்பீஸ் தூள் சேர்த்துவிட்டார். சேர்த்ததில் பாதி ஜானகி. புருவமெல்லாம் வெள்ளையாக வீட்டுக்கு வருவாள்.

கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் கழித்து, மரத்தடியில் நாங்கள் மூன்று பேர். டீச்சர் பண்டிகைக் கேக் துண்டு ஒன்றைத் தாளில் மடித்துக் கொண்டுவந்திருந்தார். ஏகாம்பரம் மண்ணெண்ணெயில் எஞ்சினைக் குளிப்பாட்டித் துவட்டினான். டீச்சர் மெல்லிய துணியில் தூளை முடிந்து தட்டித் தட்டித் தூவினார். எஞ்சின் வெள்ளை வெளேரென்று கன்னியாஸ்திரீ மாதிரி ஆகிவிட்டது. இதை நான் உரக்கவே சொன்னேன். டீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, வண்டியைக் கிளப்பச் சொன்னார்.

கிளப்பினேன். சற்று நேரத்துக்கெல்லாம் வெள்ளையில் ஒரு கறுப்புக் கோடு. ஏகாம்பரம் துள்ளினான். அவன் துள்ளி முடிக்குமுன் இன்னொரு கோடு. பிறகு மேலே ஒன்று, பின்னால் இரண்டு, முன்னால் ஒன்று. பேக்கிங் இருக்கும் இடமெல்லாம், புதிதாகப் போட்டது உள்பட, கண்ணீர் விட்டது.

"இது இன்னா சாமி, எங்க பாத்தாலும் கீது" என்று ஏகாம்பரம் உட்கார்ந்துவிட்டான்.

"அத்தனை இடமும் ஒரே சமயத்துல கெட்டுப்போகுமா?" என்றார் டீச்சர். "புதுசும் கெடுமா?"

"கெடாதும்மா. அதான் எனக்கும் பிரியல."

இரண்டு அறிவாளிகள் யோசிக்கும்போது நான் சும்மா இருக்கக் கூடாது அல்லவா? ஒழுகியது ஒழுகியதுதான், கொஞ்சம் எண்ணெயாவது ஊற்றலாம் என்று, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்தச் சந்தன மூடியைத் திருகினேன்.

புஸ்ஸென்று ஒரு சூடான காற்று. மூடி என் கையை விட்டுக் குதித்தது. நெற்றியிலிருந்து மார்பு வரை எண்ணெய். சனிக்கிழமைக் குளியலுக்குக்கூட அக்கா அவ்வளவு தேய்த்ததில்லை. ஏகாம்பரம் விழுந்து விழுந்து சிரித்தான். டீச்சர் கைக்குட்டை கொடுக்க வந்தவர், பாதியில் நின்றுவிட்டார். என்னைப் பார்க்கவில்லை; எஞ்சினைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கோடு நின்னுபோச்சு" என்றார்.

ஏகாம்பரத்தின் சிரிப்பும் நின்றது. உண்மைதான். மூடியில்லாமல் ஓடிய எஞ்சினில் கறுப்புக் கோடுகள் இருந்த இடத்திலேயே இருந்தன. அவன் எழுந்து போய் உள்ளங்கையால் குழாயின் வாயைப் பொத்தினான். கோடுகள் மறுபடி நீண்டன. கையை எடுத்தான், நின்றன. இன்னொரு தடவை பொத்தி, இன்னொரு தடவை எடுத்தான். முகத்தில் சூரியன் உதித்த மாதிரி இருந்தது.

தரையில் கிடந்த மூடியை எடுத்து, திருப்புளி முனையால் சுரண்டினான். குங்குமம், சந்தனம், மறுபடி குங்குமம், மறுபடி சந்தனம் என்று அடுக்கடுக்காகப் பெயர்ந்தது. எஞ்சின் சூட்டில் காய்ந்து சுவருக்குப் பூசின சுண்ணாம்பாக இறுகியிருந்தது. அதற்கடியில், விளிம்பைச் சுற்றி, வரிசையாகச் சின்னச் சின்னத் துளைகள்.

"மூச்சு வுட்ற ஓட்ட சாமி இது. உள்ள சூட்ல காத்து அடைச்சிக்கினு, போவ வழி இல்லாம, எண்ணெய இடுக்கு இடுக்கா வெளிய தள்ளிக்கினு கீது." என்னை ஏற இறங்கப் பார்த்தான். "யாரு சாமி இதுக்கு அபிஷேகம் பண்ணது?"

மூடியை மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவி மாட்டினான். எஞ்சினைத் துடைத்து, மிச்சமிருந்த தூளைத் தூவி, ரொம்ப நேரம் ஓடவிட்டோம். கேக்கை மூன்றாகப் பிட்டுத் தின்றோம். வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. ஒரே ஒரு இடத்தில் மட்டும் மெல்லிய ஈரம்; வயசான வண்டிக்கு வியர்க்கக்கூட உரிமை இல்லையா என்று அந்த இடத்தின் திருகை இறுக்கினான். அதுவும் நின்றது.

எந்த ஸ்வாமி?

இனி ஒரே சிக்கல். அத்திம்பேரிடம் யார் சொல்வது? பெண்ணின் படிப்பு நிற்கக் கூடாது என்றுதான் அவர் வெள்ளிக்கிழமைதோறும் சந்தனம் அரைத்தார். கை மணிக்கட்டு வலிக்க அரைத்தார். டீச்சர் தம் மதம் வேறு என்று விலகிக்கொண்டார். ஏகாம்பரம் தனக்கு அடுத்த வண்டி காத்திருக்கிறது என்றான். மரத்தடியில் அடுத்த வண்டி எதுவும் இல்லை.

உண்மையை நேராகச் சொல்கிற வழக்கம் எனக்கு அப்போதும் இல்லை. மறுநாள் காலை, காப்பி குடிக்கும்போது மெதுவாக ஆரம்பித்தேன்.

"அத்திம்பேர், நேத்து ராத்திரி ஒரு சொப்பனம். ஸ்வாமி வந்தார். எஞ்சினுக்குள்ள ரொம்பச் சூடா இருக்கு, இனிமே சந்தனத்தை வெளிய பானெட்டுக்கு வையுங்கோன்னார்."

அத்திம்பேர் டபராவைக் கீழே வைத்தார். "எந்த ஸ்வாமிடா கிச்சா?"

இதை நான் யோசித்து வைத்திருக்கவில்லை. தடுமாறினேன். ஜானகி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அத்திம்பேர் எழுந்து வாசலுக்குப் போனார். வேனின் பானெட்டைத் தாமே தூக்கினார். கழுவித் துடைத்த மூடியின் துளைகள்மேல் ஒவ்வொன்றாக விரலை வைத்து வைத்துப் பார்த்தார். கொஞ்ச நேரம் எனக்கு அவர் முதுகுதான் தெரிந்தது.

"நல்லதுன்னு நெனச்சுண்டு, மூச்சுவிட வழியில்லாம பண்ணிருக்கேனே" என்றார்.

சிரிக்கத்தான் நினைத்தேன். வரவில்லை.

பள்ளி திறந்தது. மதர், ஆயாவிடம் போர்ட்டிகோவில் ஒரு வெள்ளைத் துணியை விரிக்கச் சொல்லி, அதன்மேல் வண்டியை நிறுத்தச் சொன்னார். காலைப் பிரார்த்தனை முடியும்வரை நானும் உள்ளே நடந்த பிரார்த்தனைக்கு இணையாக வெளியே எனக்குத் தெரிந்த ஸ்லோகத்தையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். வண்டியை நகர்த்தியதும் மதர் குனிந்து துணியைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"நல்லது" என்றார், தமிழில்.

பரீட்சை நாள்

பங்குனியில் பரீட்சை. ஜானகிக்கு ராயப்பேட்டையில் ஒரு பள்ளியில் இடம் போட்டிருந்தார்கள். முதல் நாள், அத்திம்பேரே கூட வருவதாகச் சொல்லி, நெற்றியில் திருநீறும் தோளில் அங்கவஸ்திரமுமாக ஏறி உட்கார்ந்தார். கிளம்புமுன் நான் படுத்து, வண்டிக்கடியில் தலையைவிட்டு ஒரு தடவை பார்த்தேன். சொட்டு இல்லை. மூடியைப் பார்த்தேன். துளைகள் சுத்தம். கம்பீரமாகக் கிளப்பினேன்.

லஸ் முனையில் வண்டி இருமிற்று. இன்னொரு முறை இருமிற்று. நின்றுவிட்டது.

பானெட்டைத் திறந்தேன், எண்ணெய் அத்தனையும் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. இறங்கி அடியில் பார்த்தேன். தரை காய்ந்து கிடந்தது. மூடியைத் திருகி ஊதிப் பார்த்தேன். பிறகு ஜானகி மெதுவாக, "மாமா, பெட்ரோல் இருக்கோ?" என்றாள்.

பெட்ரோலுக்கு ரேஷன் இருந்த காலம்; கூப்பன் என் சட்டைப் பையில் இருந்தது. பெட்ரோலோ பங்கில் இருந்தது. ஐந்து மாதமாக எண்ணெயையே பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு அந்த இரண்டையும் சேர்த்துவைக்க வேண்டும் என்பது மறந்துபோயிற்று.

அத்திம்பேர் என்னைத் திட்டவில்லை. ரோட்டைப் பார்த்தார். ஜட்கா எதுவும் இல்லை. மயிலாப்பூர்ப் பக்கமிருந்து ராயப்பேட்டை டிராம் மணியடித்துக்கொண்டு வந்துகொண்டிருந்தது. ஆபீசுக்குப் போகும் கூட்டம் படிவரை நின்றது. அதைப் பார்த்தார். ஜானகியைப் பார்த்தார். அவள் கையில் பேனாவையும் ஜாமெட்ரி பெட்டியையும் மார்போடு பிடித்துக்கொண்டு நின்றாள்.

டிராம் நிற்பதற்குள், என் அத்திம்பேர் ரோட்டின் நடுவே போய்க் கையை உயர்த்தினார். அவ்வளவு உயரத்துக்கு அந்தக் கை போகும் என்று எனக்குத் தெரியாது.

"ஏறிக்கோம்மா. நாழியாறது."

"நீங்க வரலையாப்பா?"

படியில் இடம் ஒருத்தருக்குத்தான் இருந்தது. "நீ போ. பொம்மனாட்டிகள் பக்கமா நின்னுக்கோ" என்றவர், இடுப்பில் தடவினார். பூஜையறையிலிருந்து நேரே வந்த மனுஷர், சில்லறை இல்லை. என் பையில் பெட்ரோல் கூப்பன்தான் இருந்தது. டிராம்காரர் மணியின்மேல் காலை வைத்தார்.

ஜானகி படியில் நின்றபடியே ஜாமெட்ரி பெட்டியைத் திறந்தாள். காம்பஸுக்கும் ரப்பருக்கும் நடுவில், ஒரு தாளில் மடித்து டிராம் காசு இருந்தது.

அத்திம்பேருக்கு வாய் திறந்தபடி நின்றுவிட்டது. "இது எப்பலேர்ந்து வெச்சுண்டிருக்கே?"

"பள்ளிக்கூடத்துக்கு வேன்ல போக ஆரம்பிச்ச நாள்லேர்ந்துப்பா" என்றாள் என் மருமாள். டிராம் நகர்ந்தது. "ஓட்டறது மாமாவாச்சே."